நாற்பத்தொன்றாம் கொக்கி

கார்வின் ஹட்டோ எங்கள் ஃபவுண்டரியில் வேலை பார்த்தது நான்கு மாதம். அதுவும் முழுதாக இல்லை. மே மாதம் பதினொன்றாம் தேதி வந்தான், ஆகஸ்ட் கடைசியில் ஓடினான். டார்வெல் ஊர் முழுக்க ஒட்டியிருந்த அவனுடைய கச்சேரிச் சுவரொட்டியில் ‘பதினைந்து வருடம் உலையில் வெந்த குரல்’ என்று போட்டிருந்தது. பெட்ரோல் பங்க் சுவருக்கு முன்னால் நின்று அதை எழுத்து எழுத்தாக வாசித்தேன். காறித் துப்பினேன். பிறகு வேலைக்குப் போனேன்.

நாங்கள் குழாய் வார்ப்பவர்கள். அலபாமாவில் பாதி ஊர்களுக்குத் தண்ணீர் எங்கள் குழாயில்தான் போகிறது. ஃபவுண்டரிக்குள் தலையில் ஹெல்மெட் இல்லாமல் யாரும் நடமாட முடியாது. தொப்பி என்றுதான் சொல்வோம். புதிதாக வந்தவனுக்கு முதல் ஆறு மாதம் பச்சைத் தொப்பி. அதற்குப் பிறகு சாகும் வரை மஞ்சள். மேஸ்திரிக்கும் மேனேஜருக்கும் வெள்ளை. பச்சைத் தொப்பிக்காரன் போகக் கூடாத இடத்துக்குப் போனால், இரும்புக் குழம்பு வரும் பாதையிலோ கிரேனுக்கு அடியிலோ நின்றால், முதலில் பார்த்தவன் “பச்சை!” என்று கத்த வேண்டும். காதில் விழுந்த ஒவ்வொருவனும் திருப்பிக் கத்த வேண்டும். அவன் பின்னால் நகரும் வரை கத்தல் நிற்காது. கார்வினுக்காக நாங்கள் கத்தியது கொஞ்சம் நஞ்சமில்லை. சாப்பாட்டு நேரத்தில் கிதார் வாசிப்பான், நன்றாகவே பாடுவான். வார்ப்பு மணலைக் கூட்டச் சொன்னால் மட்டும் கண் எங்கேயோ இருக்கும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. வேலை முடிந்ததும் அவரவர் தொப்பியை அவரவர் எண் போட்ட கொக்கியில் மாட்டுவோம். ஒருவன் வேலையில் செத்துப்போனால் அவன் தொப்பியை அவன் கொக்கியிலேயே, முகப்பு சுவரைப் பார்க்கும்படி திருப்பி மாட்டுவோம். அடக்கம் முடிந்து வீட்டார் வந்து கேட்கும் வரை அதை ஒருவரும் தொட மாட்டார்கள்.

என் அண்ணன் ஹார்மன் க்ரம்ப்டனின் கொக்கி நாற்பத்தொன்று.

தொண்ணூற்றெட்டு ஆகஸ்டில் கிரேனின் ஒரு சங்கிலி அறுந்தது. தொங்கிக்கொண்டிருந்த இரும்புக் கட்டை ஆடி வந்து அவன் தலையின் இடது பக்கம் அடித்தது. தொப்பி போட்டிருந்தான். அதை அவன் தலையிலிருந்து கழற்றியது நான். தொப்பி இடது காதுக்கு மேலே கோழிக்கால் மாதிரி மூன்று கிளையாக விரிசல் விட்டிருந்தது. ஆம்புலன்ஸ் போன பிறகு அந்தத் தொப்பியைக் கழுவினேன், நாற்பத்தொன்றாம் கொக்கியில் சுவரைப் பார்த்து மாட்டினேன். புத்தியுள்ளவன் அதைக் கையிலேயே வைத்திருந்து அரசாங்க இன்ஸ்பெக்டரிடம் கொடுத்திருப்பான். எனக்கு வழக்கம்தான் தெரியும். வழக்கப்படி செய்தேன்.

மறுநாள் மேஸ்திரி ப்ரூயிட் ஒரு தாளைக் கொண்டுவந்து வாசித்துக் காட்டினார். சங்கிலி அறுந்தது, கட்டை அடித்தது, வாசித்த வரை எல்லாம் சரியாக இருந்தது. எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது. கையெழுத்து மட்டும் போடத் தெரியும், போட்டேன். அடக்கம் முடிந்து நானும் அண்ணி நெல்டாவும் தொப்பியை வாங்க வந்தபோது கொக்கி காலி. இன்ஸ்பெக்டர் வந்தபோதும் காலி. கம்பெனிதான் எடுத்துவிட்டது என்று நினைத்தேன். கார்வின் அந்த வாரமே வேலையை விட்டுப் போயிருந்தான், அவனுடைய பச்சைத் தொப்பி தரையில் கிடந்தது. அவனை யாரும் நினைக்கவில்லை. கிடந்த தொப்பியை எடுத்துப் போய்க் கோழிகளுக்குத் தீனி போட வைத்துக்கொண்டேன்.

இரண்டு வருடம் கழித்து முடிவெட்டும் கடையில் டிவியைப் பார்த்தேன். கார்வின் ஹட்டோ பாடிக்கொண்டிருந்தான். கிழிந்த ஜீன்ஸ், முழங்கை வரை கரி, தலையில் மஞ்சள் தொப்பி. இடது காதுக்கு மேலே கோழிக்கால். கடைக்காரன் என் கழுத்தில் கத்தி வைத்திருந்தான், நான் எழுந்துவிட்டேன். இன்னும் அந்த வடு இருக்கிறது.

அந்தப் பாட்டில்தான் அவன் பெரிய ஆளானான். முதலில் நெடுஞ்சாலை ஓரத்துச் சாராயக் கடைகளில் பாடினான், பிறகு பர்மிங்ஹாம் ரேடியோவில், பிறகு நாஷ்வில்லில். லாரி ஓட்டுகிறவன், கூரை வேய்கிறவன், கோழி அறுக்கிற ஆலையில் நிற்கிற பெண்கள், எல்லாரும் அதைக் கேட்டு அழுதார்கள். இப்படிப் போகும்:

*நாப்பத்தொண்ணாம் கொக்கியில நண்பன் தொப்பி தொங்குது,*
*நெத்தி வேர்வ தொடைக்கத்தான் ஒரு நிமிஷம் கழட்டுனான்.*

கழட்டுனான். அந்த ஒரு சொல்லால் என் அண்ணன் முட்டாள் ஆனான். கம்பெனிக்கு வேறென்ன வேண்டும்? புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் பாடம் நடத்தும் அறையில் அந்தப் பாட்டைப் போட ஆரம்பித்தார்கள். “பாத்தீங்களா பசங்களா, ஒரு நிமிஷம் கழட்டினா என்ன ஆகுதுன்னு?” என்பார் ப்ரூயிட். பக்கத்து அறையில் நான் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

நாற்பத்தாறு வயதில் சர்ச் கீழ்த்தளத்தில், செவ்வாய்க்கிழமை தோறும், எழுத்துக் கற்றுக்கொண்டேன். முழுதாக வாசித்த முதல் தாள் அந்த அறிக்கை. கடைசி வரி: ‘இறந்தவர் தலையில் தொப்பி இல்லை.’ அதற்குக் கீழே என் கையெழுத்து.

இதெல்லாம் பழைய கதை. போன வருடம் என்ன நடந்தது என்றால், ஃபவுண்டரி தொடங்கி எழுபத்தைந்து வருடம் ஆனதற்கு வாசலில் ஒரு கல் நடத் தீர்மானித்தார்கள். வேலையில் செத்தவர்களின் பெயர்களை அதில் வெட்டுவார்கள். பாதுகாப்பு விதியை மீறிச் செத்தவர்களின் பெயர் வராது. ஆக மொத்தம் பதினான்கு பெயர். ஹார்மன் இல்லை.

ப்ரூயிட்டிடம் போனேன். இப்போது மேனேஜர், வெள்ளைத் தொப்பிக்கும் மேலே ஏதாவது நிறம் இருந்தால் அதைப் போட்டிருப்பார்.

“ஓடெல், எனக்கு மட்டும் ஆசையில்லையா? ஆனா நீயே கையெழுத்துப் போட்டிருக்கியே.”

“நீங்க வாசிச்சது வேற.”

“பதினாலு வருஷம் கழிச்சு அத யாரு நிரூபிக்கிறது? நாடு பூரா பாடுதுய்யா, கழட்டினான், கழட்டினான்னு. பாட்டு எழுதினவன் உங்க கூடவே வேலை பாத்தவன். அவன் வாயால இல்லேன்னு சொல்லட்டும், நாளைக்கே வெட்டுறேன்.”

அப்படிச் சொன்னது அவன் சொல்ல மாட்டான் என்ற தைரியத்தில். ஏனென்றால் கல்லைத் திறக்கும் நாளில், செப்டம்பரில் வரும் தொழிலாளர் தினத்தன்று, பாட வரப்போவது அவனேதான்.

அன்று பிற்பகல் இரண்டு மணி. ஃபவுண்டரி வாசலை ஒட்டிய மைதானத்தில் தார் உருகும் வெயில். மேடைக்குப் பின்னால் அவனுடைய பேருந்து நின்றது, வீட்டை விடப் பெரியது. காவலுக்கு நின்றவன் எங்கள் இரண்டாம் ஷிப்ட் ஆள்.

“உள்ள விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, ஓடெல் அண்ணே.”

“அப்போ விடாத.”

“எனக்கு ஒண்ணுக்கு வருது. பத்து நிமிஷம் ஆகும்” என்று சொல்லிவிட்டு நடந்தான்.

கார்வின் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலை ஐஸ் வாளிக்குள் வைத்துக்கொண்டு பொரித்த மீன் தின்றுகொண்டிருந்தான். வயிறு வைத்திருந்தான். முழங்கையில் ஒருத்தி கரி பூசிக்கொண்டிருந்தாள், தூரிகையால்.

“யாருய்யா நீ?”

“தெரியலையா? என் பின்னாடி நாலு மாசம் மணல் கூட்டினியே.”

கொஞ்ச நேரம் பார்த்தான். “ஓடெல்! அடேயப்பா, கிழவனாயிட்ட.”

“நீ ஆகல. சாயம் நல்லாப் புடிச்சிருக்கு.”

கரி பூசிய பெண் சிரித்தாள். அவளை வெளியே அனுப்பினான்.

“தொப்பியக் குடு” என்றேன்.

எந்தத் தொப்பி என்று அவன் கேட்கவில்லை. அதற்காக மட்டும் அவனுக்கு அரை மார்க் போடுவேன். விரலை நக்கித் துடைத்துவிட்டு எழுந்தான், ஈரக் காலோடு நடந்து போய் ஒரு அலமாரியைத் திறந்தான். உள்ளே வரிசையாக ஆறு மஞ்சள் தொப்பி. ஆறிலும் இடது பக்கம் கோழிக்கால்.

“சுத்தியலால ஒருத்தன் அடிச்சுக் குடுக்குறான்” என்றான். “கடைசிப் பாட்டு முடிஞ்சதும் ஒண்ணக் கூட்டத்துல எறிவேன். ஜனங்களுக்குப் புடிக்குது.”

“ஹார்மனோடது எது?”

“அங்கதான் சிக்கல்.” தலையைச் சொறிந்தான். “உள்ள இருந்த பேர்ப் பட்டைய நான் அப்பவே உரிச்சுட்டேன். மொத வருஷம் எறியறப்போ எது எதுன்னு யாரு பாத்தா? இதுல ஒண்ணா இருக்கலாம். துல்சால எவன் வீட்டுச் சுவத்துலயாவது தொங்கினாலும் தொங்கும். ஆறையும் எடுத்துக்கயேன்.”

நான் உட்கார்ந்தேன். உட்காரச் சொல்லவில்லை, ஆனாலும் உட்கார்ந்தேன்.

“ஏன்டா எடுத்த?”

“பச்சைத் தொப்பி போட்டுட்டு மேடை ஏறினா எவன் நம்புவான்?”

“சரி. எடுத்த. அவன் கழட்டினான்னு ஏன்டா எழுதின? விரிஞ்சதக் கண்ணால பாத்த.”

“இங்க பாரு ஓடெல். தொப்பி போட்டும் செத்தான்னு பாடினா, ஜனங்களுக்குக் கம்பெனி மேல கோவம்தான் வரும். கோவத்த ரேடியோக்காரன் போட மாட்டான். பாவம், ஒரு நிமிஷம் கழட்டிட்டான்னு பாடு, அழுவாங்க. அழுகைய நாள் பூரா போடுவான்.” மீன் முள்ளைத் துப்பினான். “உங்க அண்ணன் பேரு பாட்டுல இல்லையே. என்ன நஷ்டம்?”

“கல்லுலயும் இல்ல. அதுதான் நஷ்டம். இன்னிக்கு மேடையில சொல்லு. அவன் தொப்பி போட்டிருந்தான், அது விரிஞ்சிருந்துது, நான்தான் எடுத்தேன்னு. மூணு வாக்கியம்.”

“மூணு வாக்கியத்துல என் பொழப்பே போயிடும்.”

“போகட்டும்.”

மளிகைக் கடைப் பையில் கொண்டுபோயிருந்த பச்சைத் தொப்பியை எடுத்து மேஜையில் வைத்தேன். உள்ளே இயந்திரத்தில் அடித்து ஒட்டிய பட்டை அப்படியே இருந்தது: ஹட்டோ, மே 11, 98. கம்பெனி எதில் கஞ்சத்தனம் பண்ணினாலும் அந்தப் பசையில் பண்ணவில்லை.

முகத்தைச் சுளித்தான். “என்னய்யா நாத்தம்?”

“பதினாலு வருஷமா என் கோழிங்க இதுலதான் திங்குது.”

“மிரட்டுறியா?”

“ஆமா.”

அவன் கதவைத் திறந்து காவல்காரனைக் கூப்பிட்டான். அவன் வர நேரம் ஆனது. வந்தவன் என் தோளில் கை வைத்து, “வாங்க அண்ணே, மெதுவா இறங்குங்க, படி உயரம்” என்றான். பச்சைத் தொப்பியை அவனே எடுத்துப் பையில் போட்டு என் கையில் கொடுத்தான்.

நெல்டா முதல் வரிசையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் வேகவைத்த வேர்க்கடலைப் பொட்டலம். உரித்துக்கொண்டிருந்தாள், தின்னவில்லை.

“குடுத்தானா?”

“ஆறு வச்சிருக்கான். எதுன்னு அவனுக்கே தெரியல.”

அவள் தோலைக் கீழே போட்டாள். “சொல்றேன்னானா?”

“இல்ல.”

“அப்போ எதுக்கு அந்தப் பையக் கட்டிப் புடிச்சுட்டு நிக்கிற?”

மேடையில் ப்ரூயிட் பேசினார். பக்கத்தில் நீலத் தார்ப்பாய் போர்த்திய கல். தியாகம் என்றார், குடும்பம் என்றார். எங்கள் ஆட்கள் முன்னூறு பேர் இருந்தார்கள், விடுமுறை நாளிலும் தொப்பியோடு வரச் சொல்லி உத்தரவு, டிவிக்காரர்கள் படம் பிடிப்பதற்காக. மற்றவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள், இரண்டாயிரம் பேராவது இருப்பார்கள்.

கார்வின் வந்தான். மஞ்சள் தொப்பி, கரி, கிதார். அந்தக் குரலைக் குறை சொல்ல என்னால் முடியாது, அதுதான் எரிச்சல். இரண்டு பாட்டு பாடினான். பிறகு, “இங்க, இந்த ஃபவுண்டரியில, இந்தக் கையால வேல செஞ்சேன். என் சிநேகிதன் ஒருத்தன் இங்கதான் செத்தான்” என்று குரலை இறக்கினான். கிதார் அழ ஆரம்பித்தது. என்னைப் பார்த்தான், நேராக. பார்த்துக்கொண்டே பாடினான். நாப்பத்தொண்ணாம் கொக்கியில. நெத்தி வேர்வ தொடைக்கத்தான்.

எறிந்தேன்.

பச்சைத் தொப்பி மேடையில் விழுந்து உருண்டு அவன் பூட்ஸில் போய் முட்டியது. கோழித் தீனி சிதறியது. எங்கள் ஆட்களில் யார் முதலில் கத்தினார்கள் என்று இன்று வரை தெரியாது. போகக் கூடாத இடத்தில் பச்சைத் தொப்பியைக் கண்டால் எங்கள் வாய் தானாகத் திறக்கும், யோசிக்கிற வேலையே இல்லை.

“பச்சை!”

முன்னூறு பேர் திருப்பிக் கத்தினார்கள். “பச்சை! பச்சை!”

வெளியூர்க்காரர்கள் ஏதோ பாட்டின் பகுதி என்று நினைத்துக் கை தட்டினார்கள். டிரம்ஸ்காரன் குழம்பிப் போய் இன்னும் கொஞ்சம் அடித்தான். கார்வின் குரலை உயர்த்தினான், நாங்கள் அதற்கும் மேலே போனோம். உலைச் சத்தத்தையே தாண்டிக் கத்திப் பழகிய தொண்டைகள். அவன் நிறுத்தினான். தொப்பியை எடுத்தான், மைக்கைப் பார்த்து இளித்தான்.

“யாரோட கோழிக் கூண்டுலருந்து வந்துதுய்யா இது?”

பாதிப் பேர் சிரித்தார்கள். அப்போது நெல்டா நாற்காலியில் ஏறி நின்றாள். அறுபது வயது, மூட்டுவலி. அவள் கத்தவில்லை. கத்தல் தானாக நின்றது.

“உள்ள எழுதியிருக்குது பாரு, வாசி.”

“மிஸ் நெல்டா, தயவுசெஞ்சு உக்காருங்க...”

“வாசிடா!”

“வாசி!” என்று எங்கள் ஆட்கள். “வாசி! வாசி!” இப்போது வெளியூர்க்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள், என்ன என்று தெரியாமலே. கார்வினின் கழுத்து கரிக்குக் கீழே சிவந்தது. அவனுக்கு எப்போதும் அந்தக் கோபம் உண்டு, மணல் கூட்டச் சொன்னால் துடைப்பத்தை எறிகிற கோபம்.

“சரிடா! ஹட்டோ, மே பதினொண்ணு! நாலு மாசம்தான்டா, என்ன இப்போ?” மைக் கூவியது. “பதினஞ்சு வருஷம்னு நானா எழுதினேன்? சுவரொட்டிக்காரன் எழுதினான்! தொப்பிய நான் எடுத்தேன், ஆமா, எடுத்தேன்! விரிஞ்சுதான் இருந்துது! தலையில இருந்த தொப்பி விரியாம, கொக்கியில தொங்கின தொப்பியாடா தானா விரியும்? எல்லாருக்கும் தெரியும், இந்தாளுக்குத் தெரியும்...” ப்ரூயிட்டை நோக்கிக் கை நீட்டினான். “நான் ஒருத்தன்தான் திருடனா?”

ப்ரூயிட் மைக்கின் ஒயரைப் பிடுங்கினார். பிடுங்குவதையும் டிவிக்காரர்கள் எடுத்தார்கள்.

அது மன்னிப்பு இல்லை. ஒரு சொல்லில் கூட வருத்தம் இல்லை. எனக்கு அது தேவையும் இல்லை. மூன்று வாக்கியம் கேட்டேன், பத்துக்கு மேல் கிடைத்தது.

டிசம்பரில் பதினைந்தாவது பெயரை வெட்டினார்கள். கல்லில் இடம் விட்டு வைக்கவில்லை என்பதால் அடியில் சின்ன எழுத்தாக, புல்லை விலக்கினால்தான் தெரியும். நெல்டா வாரம் ஒருமுறை கத்தரிக்கோலோடு போய்ப் புல்லை வெட்டுகிறாள். தோட்டக்காரன் ஒருநாள் தடுத்தானாம். கத்தரிக்கோல் அவள் கையில் இருப்பதைப் பார்த்துவிட்டு விலகினானாம்.

கார்வினின் பிழைப்பு போகவில்லை. அதுதான் அந்தத் தொழில். அடுத்த கோடைக்குள் ‘பச்சைத் தொப்பி’ என்று ஒரு பாட்டு வந்தது. தப்பு செய்த ஒருவன் ஊருக்குத் திரும்பி எல்லார் முன்னாலும் ஒப்புக்கொள்கிறான், ஊர் அழுதுகொண்டே அவனை மன்னிக்கிறது. பழைய பாட்டை விட இது பெரிய வெற்றி என்கிறார்கள். ஊர் மன்னித்ததாம். யாரைக் கேட்டான்? நான் மன்னிக்கவில்லை. நெல்டா மன்னிக்கவில்லை. கேண்டீன் ரேடியோவில் அது வந்தால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற யாராவது எழுந்து போய் அணைப்பார்கள், பேச்சை நிறுத்தாமலே.

அவன் அனுப்பிய அட்டைப் பெட்டி மார்ச்சில் வந்தது. ஆறு மஞ்சள் தொப்பி, மேலே அவன் படத்தில் கையெழுத்து. படத்தை நெல்டா அடுப்பில் போட்டாள். ஆறு தொப்பியையும் மேஜையில் வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளே முகர்ந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். எல்லாவற்றிலும் கார்வினின் தலை எண்ணெய் வாசனைதான்.

“எதுன்னு தெரியலையே” என்றாள்.

“ஒண்ணா இருந்தாலும் இருக்கும். இல்லாமலும் இருக்கும்.”

“அப்போ ஆறையும் மாட்டு.”

மறுநாள் முதல் ஷிப்ட்டுக்கு முன்னால் போனேன். நாற்பத்தொன்றாம் கொக்கியில் ஆறையும் ஒன்றன் மேல் ஒன்றாக, சுவரைப் பார்த்துத் திருப்பி மாட்டினேன். மூட்டை மாதிரி துருத்திக்கொண்டு நின்றது. நடக்கிறவன் தோள் இடிக்கும்.

ப்ரூயிட் வந்து பார்த்தார். “என்ன ஓடெல் இது? வழியில நிக்குது. வழக்கம் ஒரு தொப்பிக்குத்தான்யா. கழட்டு.”

“நீங்க கழட்டுங்க” என்றேன்.

ஷிப்ட் ஆட்கள் கையில் தொப்பியோடு பின்னால் நின்றார்கள், ஒருவரும் போட்டுக்கொள்ளவில்லை. ப்ரூயிட் அவர்களைப் பார்த்தார். கொக்கியைப் பார்த்தார். சங்கு ஊதியது. அவர் வெள்ளைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தோளைக் குறுக்கி, ஆறு தொப்பியிலும் உரசாமல் ஒதுங்கிப் போனார்.